கன்னத்தில் ஏழு குழாய்களோடு இருந்த ஆறு நாள்

2022 அக்டோபரில் ஆறு நாள் என் இடது கன்னத்துக்குள் ஏழு பிளாஸ்டிக் குழாய்கள் இருந்தன. தாடைக்குக் கீழே நுழைந்து, கன்னத்துச் சதைக்குள்ளேயே மேலேறி, கண்ணுக்கு மூன்று விரல் கீழே வெளியே வரும். புற்றுநோய் இரண்டாவது முறை வந்ததற்கான வைத்தியம் அது. பிராக்கிதெரபி என்பார்கள், எங்கள் ஊர்ப் பக்கம் சொன்னால் 'உள்ளே வைக்கிற கரண்ட்'. கதிர்வீச்சு வைத்தியத்தைத்தான் நாங்கள் கரண்ட் என்போம். அப்போது இதைப் பற்றித் தமிழில் விவரமாகச் சொல்ல எனக்கு ஒருத்தரும் கிடைக்கவில்லை. போன மாதம் ராஜபாளையத்திலிருந்தே ஒரு தங்கச்சி போன் பண்ணி, அவள் அப்பாவுக்கு இதைச் சொல்லியிருக்கிறார்கள், பயமாக இருக்கிறது அக்கா என்று அழுதாள். ஒரு மணி நேரம் பேசினேன். பேசி முடித்ததும்தான் எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது.

முதலிலிருந்து சொல்கிறேன். நான் தையல் கடை வைத்திருக்கிறேன். புகையிலை தொட்டதே இல்லை, வெற்றிலை பாக்கு மட்டும்தான், அதுவும் அம்மாவோடு உட்கார்ந்து பழகியது, இருபது வயதிலிருந்து. புகையிலை இல்லாவிட்டால் ஒன்றும் செய்யாது என்றுதான் எல்லாரையும் போல நானும் நினைத்திருந்தேன். வெறும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் எப்போதோ சொல்லிவிட்டது என்பதை ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டேன். 2017இல் இடது கன்னத்தின் உள்பக்கம் புண். ஆபரேஷன், அப்புறம் வெளியிலிருந்து கரண்ட், 30 தடவை, மொத்தம் 60 கிரே, கரண்ட்டை அப்படித்தான் அளக்கிறார்கள். இந்த 60 என்ற எண் எனக்கு அப்போது தெரியாது. ஐந்து வருடம் கழித்துத்தான் தெரிந்தது, அது தெரியாததால் பதினாறு நாள் போனது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

நடுவில் 2020இல் ஒரு தப்பு நடந்தது. இடது பக்கக் கீழ்க் கடைவாய்ப் பல் வலித்தது. பக்கத்து கிளினிக்கில் போய் உட்கார்ந்தேன், அவர் பார்த்தார், பிடுங்கிவிட்டார். கன்னத்தில் கரண்ட் வைத்திருக்கிறது என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. கழுத்தில் ஆபரேஷன் தழும்பு அவர் கண்ணெதிரே இருந்தது. அந்தக் குழி ஏழு மாதம் ஆறவே இல்லை. கடைசியில் அரிசி மாதிரி ஒரு எலும்புத் துண்டு வெளியே வந்த பிறகுதான் மூடியது. கரண்ட் பட்ட தாடை எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைந்துபோகும், பல்லைப் பிடுங்கினால் எலும்பே செத்துப்போகலாம் என்பது எத்தனை வருடம் ஆனாலும் மாறாத விஷயம். அதனால்தான் கரண்ட் தொடங்குவதற்கு முன்னாலேயே கெட்டுப்போன பற்களையெல்லாம் எடுத்து, புண் ஆற இரண்டு வாரமாவது விடுகிறார்கள். வாயிலோ கழுத்திலோ கரண்ட் வாங்கியவர்கள், பல் டாக்டர் நாற்காலியில் உட்காருவதற்கு முன்னால், வாயைத் திறப்பதற்கு முன்னால் இதைச் சொல்லிவிடுங்கள். கேட்பார்கள் என்று காத்திருக்க வேண்டாம்.

2022 ஜூனில் இடது வாய் ஓரத்தில் ஒரு சின்ன வெடிப்பு. கொஞ்ச நாளில் அதை ஒட்டிக் கன்னத்துத் தோலில், பழைய தையல் தழும்புக்குப் பக்கத்தில், பட்டாணி அளவு தடிப்பு. நான் காட்டிய இடத்தில் சத்துக் குறைவு என்று பி காம்ப்ளெக்ஸ் மாத்திரையும் தடவ ஆயின்மென்ட்டும் கொடுத்தார்கள். ஜூலை முழுக்க அது, ஆகஸ்ட் முழுக்க அது. ஒருமுறை வந்தவள் என்று தெரிந்தும் எனக்கே ஏன் சந்தேகம் வரவில்லை என்று இன்றைக்கும் மனசு அடித்துக்கொள்ளும். உண்மையைச் சொன்னால் சந்தேகம் வந்தது, பயத்தில் அதை மூடி வைத்துவிட்டேன், யாராவது ஒன்றுமில்லை என்று சொன்னால் போதும் என்று இருந்தது. வாயில் ஒரு புண் மூன்று வாரத்தில் ஆறவில்லை என்றால் பயாப்ஸி, அதாவது கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதனை, செய்துவிட வேண்டும், ஏற்கெனவே வந்தவர்கள் மூன்று வாரம்கூடப் பார்க்க வேண்டாம். கத்தி பட்டால் பரவும் என்று பயமுறுத்துவார்கள், அதைக் காதில் வாங்க வேண்டாம். பரவுவதற்கு நேரம் கொடுத்தது நான் வீட்டில் உட்கார்ந்திருந்த அந்த இரண்டு மாதம்தான்.

செப்டம்பரில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறிச் சென்னைக்குப் போனேன், தனியாக. வீட்டுக்காரர் தவறி ஒன்பது வருடம் ஆகிறது, மகன் ஷார்ஜாவில். பயாப்ஸி, எம்ஆர்ஐ எல்லாம் எடுத்துவிட்டு டாக்டர் அம்மா இரண்டு வழி சொன்னார். ஒன்று, கன்னத்துத் தோலோடு தாடையிலும் ஒரு பகுதியை எடுத்துவிட்டு, தொடைச் சதையை வைத்து மூடுகிற பெரிய ஆபரேஷன். இன்னொன்று இந்தக் குழாய். வெளியிலிருந்து திரும்பவும் கரண்ட் வைத்தால், ஏற்கெனவே வாங்கிய எலும்பும் தோலும் தாங்காது. ஆனால் கட்டி இரண்டு சென்டிமீட்டருக்குள் இருக்கிறது, எலும்பைத் தொடவில்லை, அதனால் உள்ளே வைத்துப் பார்க்கலாம் என்றார். எனக்குப் புரிகிற மாதிரி ஒன்று சொன்னார்: வெளியிலிருந்து வைப்பது தெருவிளக்கு மாதிரி, வரும் வழியில் இருப்பது எல்லாவற்றின் மேலும் படும். இது அகல் விளக்கு, பக்கத்தில்தான் வெளிச்சம், இரண்டு மடங்கு தூரம் போனால் நாலில் ஒரு பங்குதான் இருக்கும். என் தாடை 2020இல் பட்ட பாட்டைச் சொன்னதும் அவர் முகம் மாறியது. அப்புறம்தான் கேட்டார், 'பழைய கரண்ட் சம்மரி எங்கே?'

என்னிடம் டிஸ்சார்ஜ் சம்மரி இருந்தது, அதில் 'ரேடியேஷன் முடிந்தது' என்று ஒரே வரி. எத்தனை கிரே, எந்தெந்த இடம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்ற தாள் இல்லை. அது இல்லாமல் இரண்டாவது முறை எவ்வளவு கொடுக்கலாம் என்று கணக்குப் போட முடியாது. திரும்ப ரயில், 2017இல் பார்த்த ஆஸ்பத்திரி, ரெகார்டு அறையில் இன்று வா நாளை வா. அங்கேதான் பயாப்ஸி பிளாக்கும் இருந்தது, மெழுகுக்குள் பதித்து வைத்திருக்கும் சதைத் துண்டு, அதையும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். இப்படிப் போனதுதான் அந்தப் பதினாறு நாள். கட்டி அதற்குள் வளர்ந்திருந்தால் குழாய் என்ற பேச்சே இருந்திருக்காது. இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது இப்போது கரண்ட் நடந்துகொண்டிருந்தால், கடைசி நாளன்று அந்தத் தாளைக் கையில் வாங்காமல் வீட்டுக்குப் போகாதீர்கள். போனில் போட்டோ எடுத்து இரண்டு பேருக்கு அனுப்பி வையுங்கள். நோய் திரும்ப வராமல் இருந்தால் சந்தோஷம், தாள் பெட்டியில் கிடந்துவிட்டுப் போகட்டும்.

பணம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தது. குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை, ஆண்டு வருமானம் 1,20,000க்குள் இருக்க வேண்டும். ஆதாரில் என் இனிஷியல் ஒன்று, அட்டையில் வேறொன்று, அதைச் சரிசெய்ய நாலு நாள். குழாய் வைக்கிற செலவு காப்பீட்டில் போய்விட்டது. ஆனால் அனுமதி வருவதற்கு முன்னால் எடுத்த ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, லாட்ஜ் வாடகை, ஆட்டோ, மூக்குக் குழாயில் விடும் சத்து மாவு, அப்புறம் இரண்டு மாத மருந்து என்று என் கையிலிருந்து போனது 68,000 ரூபாய். இரண்டரைப் பவுன் சங்கிலி அடகுக்குப் போனது. அதைவிட வலித்தது தீபாவளி. அந்த வருடம் அக்டோபர் 24, எனக்கு வருடச் சம்பாத்தியத்தில் பாதி அந்த ஒரு மாதத்தில்தான். வாங்கி வைத்திருந்த துணியையெல்லாம் ஆட்களிடம் திருப்பிக் கொடுத்தேன், எப்படியும் 40,000 போயிருக்கும். ரயிலில் புற்றுநோயாளிக்குச் சலுகை இருப்பது மூன்றாவது பயணத்தில்தான் தெரிந்தது. ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் நோயாளிக்கு முழுச் சலுகை, கூட வருபவருக்கு 75 சதவீதம். ஆஸ்பத்திரியில் அதற்கென்று ஒரு படிவம் உண்டு, கேட்டால் நிரப்பிக் கொடுப்பார்கள். நீங்களாகக் கேட்க வேண்டும்.

திங்கள்கிழமை ஆபரேஷன் தியேட்டர். முழு மயக்கம். மதினி அன்று ஒரு நாள் வந்து இருந்துவிட்டு ராத்திரி ரயிலுக்குக் கிளம்பிவிட்டார், அவர் வீட்டிலும் நிலைமை அப்படி. என் பக்கத்துப் படுக்கை அம்மாவுக்கு அன்று காலையில் ஆபரேஷன் தள்ளிப்போனது, இதயத்துக்காகச் சாப்பிடும் ஆஸ்பிரினை அவர் சொல்லவில்லை. ஊசி குத்தும் வேலை என்பதால் ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை எதுவானாலும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், எப்போது நிறுத்துவது என்பதை அவர்கள் சொல்லட்டும், நாமாக நிறுத்தவும் கூடாது.

கண் விழித்ததும் கன்னம் பந்து மாதிரி. கண்ணாடி கேட்டேன், சிஸ்டர் நாளைக்குப் பார்க்கலாம் என்றார். மறுநாள் பார்த்தேன். ஊசியைக் குத்தி, அதன் வழியாகக் குழாயை இழுத்து, ஊசியை உருவிவிடுகிறார்கள். இரண்டு முனையிலும் சட்டைப் பட்டன் மாதிரியே வெள்ளையாக ஒரு வில்லை, குழாய் நகராமல் பிடித்துக்கொள்ள. ஒவ்வொன்றுக்கும் ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர். முப்பது வருடம் பட்டன் தைத்த எனக்கு அதைப் பார்த்ததும் அழுகைதான் வந்தது. ஆனால் ஒரே அளவு இடைவெளியில், ஒரு சென்டிமீட்டருக்கு ஒன்றாக, வரிசை பிசகாமல் இருந்தது. யாரோ நிதானமாக, கவனமாகச் செய்த வேலை என்று தெரிந்தது. அது ஒரு தைரியம் கொடுத்தது என்று சொன்னால் புரியுமோ என்னவோ.

செவ்வாய் சிடி ஸ்கேன் எடுத்துக் கணக்குப் போட்டார்கள். புதன் முதல் சனி வரை ஒரு நாளைக்கு இரண்டு தடவை, காலை எட்டு மணிக்கு ஒன்று, மூன்று மணிக்கு ஒன்று. நடுவில் ஆறு மணி நேரமாவது இடைவெளி வேண்டும், நல்ல சதை தன்னைச் சரிசெய்துகொள்ள. முதல் நாள் அந்த அறைக்குள் தள்ளுவண்டியில் கொண்டுபோனபோது எனக்குக் கை கால் நடுங்கியது. பயந்த அளவுக்கு அங்கே ஒன்றும் இல்லை. ஏழு குழாய்க்கும் ஏழு கேபிளை மாட்டிவிட்டு எல்லாரும் வெளியே போவார்கள், கனமான கதவு மூடும். மெஷினுக்குள் இரிடியம் என்ற உலோகம், சீரகம் அளவுகூட இல்லை, ஒரு கம்பி நுனியில் ஒட்டியிருக்கிறது. முதலில் வெறும் கம்பி ஒன்று போய் வழி சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வரும், பிறகு அது போகும். ஒன்றாம் நம்பர், திரும்பி வரும், இரண்டாம் நம்பர், திரும்பி வரும். கிர் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். சூடு இல்லை, வலி இல்லை. எனக்குப் பதினோரு நிமிடம் ஆனது. கேமராவில் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள், கையைத் தூக்கினால் நிறுத்திவிடுவார்கள். இரிடியத்தின் வீரியம் 74 நாளில் பாதியாகிவிடும், அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போல மாற்றுகிறார்கள், பழையதாக இருந்தால் அதே அளவு கொடுக்க நேரம் கூடுதலாகும். வேறு மாதத்தில் வைத்துக்கொண்ட ஆளுக்குப் பத்து நிமிடம், நமக்கு இருபது நிமிடம் என்றால் நோய் அதிகம் என்று மனசைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

எல்லாரும் பயப்படுகிற விஷயம் ஒன்று. கதவு திறந்த பிறகு உங்கள் உடம்பில் கதிர் எதுவும் இல்லை. அந்த இரிடியம் மெஷினுக்குள் திரும்பப் போய்விட்டது, கன்னத்தில் மிச்சம் இருப்பது வெறும் பிளாஸ்டிக். குழந்தை பக்கத்தில் வரலாம், கர்ப்பிணி வரலாம். இது யாரும் எனக்குத் தெளிவாகச் சொல்லாததால் வியாழக்கிழமை பார்க்க வந்த என் சித்தி மகளை நானே வாசலோடு போகச் சொல்லி எழுதிக் காட்டினேன், அவள் மூன்று மாதக் கர்ப்பம். அன்று ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. முந்தைய காலத்தில் ரேடியம் ஊசியை நாள்கணக்கில் உள்ளேயே விட்டு வைத்திருந்தார்கள், அப்போது யாரையும் விடமாட்டார்களாம், வயதான சிஸ்டர் ஒருவர் சொன்னார். தைராய்டுக்கு மருந்து குடித்துத் தனி அறையில் இருப்பார்களே, அது வேறு. கதிர் வீசும் துணுக்குகளை விதை மாதிரி நிரந்தரமாக உள்ளே விட்டுவிடுவதும் வேறு. உங்களுக்கு எது என்பதை முதல் நாளே கேட்டு, வீட்டு ஆட்களையும் கூட வைத்துக்கொண்டு கேட்டுவிடுங்கள்.

அதே வார்டில் வந்தவாசிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், மூக்கின் மேல் தோல் புற்று, இரண்டு தடவை வெட்டியும் திரும்ப வந்தது. அவருக்குக் குத்தவே இல்லை, மூக்குக்கு அச்சு எடுத்து மெழுகில் மூடி மாதிரி செய்து, அதற்குள் குழாய்களைப் பதித்து, வேளைக்கு மாட்டிக் கழற்றினார்கள். தோலின் மேலாக இருந்தால் இப்படியும் செய்யலாம். அவர் டீ குடித்துக்கொண்டு இருப்பார், நான் பார்த்துக்கொண்டு இருப்பேன்.

எனக்கு ஆறு நாளும் மூக்குக் குழாய்தான். முதல் நாள் கேழ்வரகுக் கஞ்சி விட்டார்கள், அடைத்துக்கொண்டது, குழாயை மாற்ற வேண்டியதாயிற்று, அந்த வலி ஆபரேஷன் வலியைவிட அதிகம். எது விட்டாலும் துணியில் நன்றாக வடிகட்ட வேண்டும், விட்டு முடித்ததும் கால் டம்ளர் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும், தலையை உயர்த்தி உட்கார்ந்தே இருக்க வேண்டும். பேச முடியாது, அளவெடுக்கும் நோட்டில்தான் எழுதிக் காட்டினேன். மகன் தினமும் வீடியோவில் கூப்பிடுவான், நான் எடுக்க மாட்டேன், மெசேஜ் மட்டும் போடுவேன். வெள்ளிக்கிழமை தாங்க முடியாமல் எடுத்துவிட்டேன். பார்த்தான், ஒன்றும் பேசவில்லை, போனை மேலே தூக்கி ஃபேனைக் காட்டிக்கொண்டு அழுதான். 'வலிக்குதாம்மா' என்றான். 'வலி இல்லப்பா, அரிக்குது' என்று நோட்டில் எழுதிக் காட்டினேன். உண்மையும் அதுதான்.

அந்த வெள்ளிக்கிழமை மூன்று மணி தடவையில்தான் ஒன்று நடந்தது. தினமும் மாட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு குழாயும் வெளியே எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று ஸ்கேல் வைத்து அளப்பார்கள், தோலை ஒட்டிக் குழாயில் ஒரு மார்க்கர் கோடும் போட்டிருந்தது. அன்று மதியம் கண்ணாடியில் பார்க்கிறேன், நாலாம் நம்பர் பட்டனுக்கும் தோலுக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி. வீக்கம் வடிந்ததால் தளர்ந்திருக்கிறது. ஒரு நூல் அளவுதான். இதைப் போய்ச் சொல்வதா, எல்லாரும் அவசரத்தில் இருக்கிறார்களே என்று ஒரு நிமிடம் யோசித்தேன். ஆனால் தைக்கும்போது ஒரு நூல் பிசகினால் ரவிக்கைக் கழுத்து எப்படி இழுக்கும் என்று எனக்குத் தெரியும். சிஸ்டரின் கையைப் பிடித்து இழுத்துக் காட்டினேன். அளந்தார்கள், மூன்று மில்லிமீட்டர். அன்றைய தடவையை நிறுத்தி, திரும்ப ஸ்கேன் எடுத்து, இறுக்கி, சரிபார்த்த பிறகு ஏழு மணிக்குத்தான் வைத்தார்கள். கோபப்படுவார்கள் என்று பயந்தேன், டாக்டர் அம்மா வந்து நல்லவேளை சொன்னீர்கள் என்றார். தாடைக்கும் கன்னத்துக்கும் நடுவில், எலும்பைக் காப்பாற்ற ஒரு கட்டை வைப்பார்கள், எனக்கு ஈயத்தகடு வைத்துப் பல் பிரிவில் செய்து கொடுத்தார்கள், வாய்க்குள் வைத்தால் குமட்டும். அதுவும் நகர்ந்தால் சொல்ல வேண்டும். உங்கள் உடம்பில் எது எங்கே இருந்தது என்று நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பது நீங்கள் ஒருவர்தான், தினம் காலையில் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை கடைசித் தடவை முடிந்ததும் குழாய்களை உருவினார்கள். மயக்கம் கிடையாது, வலிக்கு ஒரு ஊசி மட்டும். ஒரு பக்கம் வெட்டிவிட்டு மறுபக்கம் இழுப்பார்கள், ஏழு தடவை. ஐந்தாவதில் ரத்தம் பீறியது, கட்டுத்துணி வைத்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்தி நிறுத்தினார்கள். அந்த ஒரு மணி நேரத்துக்காவது யாராவது கூட இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு யாரும் இல்லை, தள்ளுவண்டி தள்ளும் ஆயாதான் நின்றார், அவர் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டேன்.

திங்களன்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நன்றாகத்தான் இருந்தேன், இவ்வளவுதானா என்று நினைத்தேன். கஷ்டம் அதற்குப் பிறகுதான் வந்தது. எட்டாவது நாள் எரிய ஆரம்பித்தது, இரண்டாவது மூன்றாவது வாரத்தில் எச்சில் விழுங்க முடியவில்லை, கன்னத்துத் தோல் உரிந்து நீர் வடிந்தது, ஐந்து கிலோ இறங்கிவிட்டேன். கரண்டின் வேலை அது நின்ற பிறகும் உள்ளே நடந்துகொண்டே இருக்கும், புண் உச்சத்துக்குப் போவது அப்போதுதான். இதை ஒருவர் முன்னமே சொல்லியிருந்தால் நோய் முற்றிவிட்டது என்று ராத்திரியில் தனியாக உட்கார்ந்து அழுதிருக்க மாட்டேன். வாய்க்குள் வெள்ளையாகப் படலம் கட்டும், சீழ் என்று நினைத்துத் துடைத்து எடுக்கக் கூடாது. ஊர் டாக்டர் அதில் கொஞ்சம் கிள்ளி டெஸ்டுக்கு அனுப்பலாம் என்றார், நல்லவேளையாக வார்டு சிஸ்டர் நம்பர் வாங்கி வைத்திருந்தேன், அவர் டாக்டரிடம் பேச வைத்தார், தொடவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கரண்ட் பட்ட இடத்தில் கீறினால் அந்தப் புண்ணே ஆறாமல் போகலாம். உப்பும் சமையல் சோடாவும் கலந்த தண்ணீரில் இரண்டு மணிக்கு ஒருமுறை கொப்பளிப்பு, சாப்பிடுவதற்கு முன்னால் மரத்துப்போக வைக்கும் ஜெல், குளிர்ந்த மோர்க் கஞ்சி, காரம் புளி சுத்தமாகக் கிடையாது. முழுசாக ஆற ஏழு வாரம் ஆனது.

வாய் திறக்கும் பயிற்சியை அப்போது வலியில் விட்டுவிட்டேன், அதற்கு இன்னும் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். மூன்று விரல் செங்குத்தாக நுழைய வேண்டும், எனக்கு இரண்டுதான் நுழைகிறது. ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கு நடுவில் வைத்து, வாரத்துக்கு ஒரு குச்சி கூட்டி, தினம் ஐந்து வேளை செய்யச் சொல்கிறார்கள். இப்போது தையல் மெஷினில் உட்கார்ந்துகொண்டே செய்கிறேன். இட்லியைப் பிட்டு வைத்துத்தான் சாப்பிட வேண்டியிருக்கிறது.

இந்த அக்டோபரோடு மூன்று வருடம். கன்னத்தில் மேலே ஏழு, கீழே ஏழு, சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள். கடைக்கு வரும் சின்னப் பிள்ளைகள் என்ன அத்தை இது என்று கேட்டால் பட்டன் இருந்த இடம் என்று சொல்வேன். சங்கிலி போன சித்திரையில் மீட்டாகிவிட்டது. அடுத்த செக்கப் தை மாதம், சலுகைப் படிவமும் 60 கிரே தாளும் இந்த எட்டு தடவைக்கான தாளும் ஒரே மஞ்சள் பையில் மெஷினுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. பொதிகைக்கு டிக்கெட் போட நாளைக்கு ஸ்டேஷனுக்குப் போக வேண்டும்.